பழைய மோட்டார் லாரியைச் சொந்தக் கையால் பேணும் முறை

மாட்டு வண்டி வைத்திருந்த குடியானவர், விடியற்காலையில் வண்டி பூட்டுமுன், அச்சில் மசகு உளதா, கடையாணி சரிவரப் பொருந்தியுள்ளதா, சக்கரத்தின் இரும்புப் பட்டா தளர்ந்துள்ளதா என்று தம் கையாலேயே தொட்டுப் பார்ப்பது வழக்கம். இதற்காக அவர் தச்சரையோ கொல்லரையோ தேடிச் சென்றதில்லை. ஆரக்கால் ஒடிந்தாலும், பட்டா மாற்ற வேண்டி வந்தாலும் மட்டுமே அவர்களுடைய உதவி தேவைப்பட்டது. அக்குடும்பங்கள் பலவற்றில், மாட்டு வண்டி நின்ற கொட்டகையில் இன்று பழைய மோட்டார் லாரியொன்று நிற்கின்றது. நெல்லும் கரும்பும் வாழைத்தாரும் மஞ்சளும் எருவும் அதிலேயே செல்கின்றன. ஆயினும் அதன் பானெட்டைத் திறந்து பார்க்கும் வழக்கம் மட்டும் வீட்டுக்காரரிடம் இல்லை. டிரைவர் பார்த்துக்கொள்வார் என்று சொந்தக்காரரும், பட்டறையில் பார்த்துக்கொள்வார்கள் என்று டிரைவரும் இருந்துவிடுவதால், வண்டி வழியில் நின்ற பிறகே அதன் குறை யாவருக்கும் தெரிய வருகின்றது.

அவ்வாறு நிற்கும் நாள் பெரும்பாலும் அறுவடை நாளாகவே அமைகின்றது. பாரம் மிகுந்து இரவு பகலாய் ஓடும் காலத்திலேதான் வண்டியின் குறைகள் வெளிப்படும். தக்காளி ஏற்றிய லாரி வழியில் ஓரிரவு நின்றால் மறுநாட் சந்தையின் விலை போயிற்று. இரண்டு நாள் நின்றால் சரக்கே போயிற்று. வெட்டிய கரும்பு ஆலைக்குச் சேராமல் கிடக்கும் ஒவ்வொரு நாளும் எடையும் சர்க்கரைச் சத்தும் குறைந்துகொண்டே போகும். ஆதலால் லாரியைப் பேணுதல் உழவுத் தொழிலின் ஒரு பகுதியே என்பதை விவசாயிகள் உணர வேண்டும்.

லாரியின் ஆயுளைக் குறைப்பது அதன் வயதன்று. தூசி, நீர், மிகு உஷ்ணம், கவனியாமை ஆகிய இந்நான்குமே அதனை அழிப்பன. இவற்றைத் தடுக்கும் வேலைகளிற் பெரும்பாலானவற்றைச் சொந்தக்காரரே செய்துகொள்ளலாம். செய்யக் கூடாத சிலவும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எத்தகைய லாரி

1948ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 1955ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறிய கம்பெனியார் எண்ணூரிலும், 1954ல் ஜெர்மனி தேசத்து டெய்ம்லர் பென்ஸ் கம்பெனியாருடன் ஒப்பந்தம் செய்துகொண்ட டாட்டா கம்பெனியார் ஜம்ஷெட்பூரிலும் டீசல் லாரிகளைச் செய்யத் தொடங்கினர். கிராமங்களில் மிகுதியாகக் காணப்படும் டாட்டா 407 என்னும் சிறு லாரி 1986ல் வெளிவந்தது. இவற்றின் பழைய வகைகளிலெல்லாம் டீசலை அளந்து எஞ்சினுக்குள் பீச்சும் வேலையை முழுதும் இயந்திர விசையாலேயே செய்யும் பம்பு அமைந்துள்ளது. ராபர்ட் பாஷ் கம்பெனியார் 1927ல் ஜெர்மனியில் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிய பம்பின் வழிவந்ததே இது.

2017ல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 4 விதியையும், 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதியையும் ஒட்டிச் செய்யப்பட்ட புதிய லாரிகளில் மின்னணுக் கருவிகள் எஞ்சினை ஆளுகின்றன. அவற்றின் கோளாறுகளைக் கண்டறியக் கணிப்பொறி வேண்டும். அவ்வகை லாரிகளைப் பற்றி இங்கு நாம் கூறவில்லை. ஸ்பானரும் கண்ணும் காதும் போதுமான பழைய லாரியைப் பற்றியே கூறுகின்றோம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் பிளக்கு கிடையாது. உள்ளிழுத்த காற்றைப் பிஸ்டன் இறுக அழுத்தும்போது அது 500 டிகிரி செண்டிகிரேடுக்கு மேல் சூடேறும். அச்சூட்டில் டீசல் மெல்லிய தூவலாய்ப் பீச்சப்பட்டுத் தானே பற்றி எரிகின்றது. இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். காற்று தடையின்றியும் தூசியின்றியும் வரவேண்டும். டீசல் நீரும் அழுக்கும் இன்றி வரவேண்டும். இவற்றோடு தேய்மானத்தைத் தடுக்க ஆயிலும், சூட்டை அகற்றத் தண்ணீரும் சேர்ந்தால் எஞ்சினின் தேவை நிறைவுறும்.

காலைப் பார்வை

நாள்தோறும் வண்டியைக் கிளப்புமுன் 10 நிமிஷம் செலவிட்டாற் போதும். முதலில் குனிந்து, வண்டியின் கீழே தரையைப் பார்க்க. கருமையான சொட்டு எஞ்சின் ஆயில். கெட்டியாய், காரநெடி வீசுவது கியர் பெட்டி அல்லது ஹவுசிங் ஆயில். பச்சையாகவோ துருநிறமாகவோ இருப்பது ரேடியேட்டர் நீர். சக்கரத்தின் உட்புறம் ஈரமாகக் கசிந்திருப்பின் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைக் கண்டால் வண்டியை அன்று எடுக்கலாகாது.

பிறகு, சமதரையில் நிற்கும் வண்டியில் அளவுக்கோலை எடுத்துத் துடைத்து, மறுபடி இட்டு எடுத்து, ஆயில் இரு கோடுகளுக்கு நடுவே நிற்கிறதா என்று காண்க. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீர்மட்டம் பார்க்க. பேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமிழ வேண்டும். அதற்குமேல் அமிழ்ந்தால் பெல்ட் வழுக்கும். அமிழாவிடில் டைனமோவின் பேரிங் கெடும். டயர்களையும், சக்கர நட்டுகளையும், கமான் பட்டைகளையும், விளக்குகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க. நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருப்பின் அந்நட்டு தளர்ந்துள்ளது என்று அறிக. காற்றுப் பிரேக்கு உள்ள பெரிய லாரியாயின், காற்றுத் தொட்டியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து, தேங்கிய நீரை வெளியேற்றுக. முடிவாகப் பிரேக்குப் பெடலை மிதித்துப் பார்க்க. பெடல் மெத்தென்று அமிழ்ந்து போயினும், மிதித்தபடி இருக்கையில் மெல்ல இறங்கினும், வண்டி கொட்டகையிலேயே நிற்க வேண்டும்.

காற்று

நெல் தூற்றும் களத்திலும், கரும்புத் தோட்டத்து மண்பாதையிலும் ஓடும் லாரி உள்ளிழுக்கும் தூசிக்கு அளவில்லை. அத்தூசி சிலிண்டருக்குட் சென்றால் ஆயிலோடு கலந்து சாணைக்கல்லைப்போல் தேய்க்கும். நூறாயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடவேண்டிய எஞ்சின், காற்று வடிகட்டி கவனிக்கப்படாமையால் சில அறுவடைகளிலேயே பலமிழந்துவிடுதல் உண்டு.

பழைய லாரிகள் பலவற்றில் ஆயில் நிரப்பிய கிண்ணத்தின் வழியே காற்றை இழுக்கும் வடிகட்டி அமைந்துள்ளது. வாரம் ஒருமுறையும், களத்து வேலைக் காலத்தில் நாள்தோறும், கிண்ணத்தைக் கழற்றி அடியில் சேறு தங்கியுள்ளதா என்று பார்க்க வேண்டும். சேறு கண்டால் கொட்டிக் கழுவிப் புது ஆயிலைக் குறித்த கோடு வரையில் மட்டும் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அவ்வாயிலையே உறிஞ்சி எரித்து, சாவியை நிறுத்தியும் நில்லாமல், கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடிச் சிதறிவிடக்கூடும்.

காகித வடிகட்டியாயின் மெல்லத் தட்டி, குறைந்த அழுத்தக் காற்றை உள்ளிருந்து வெளிப்புறமாக ஊதிச் சுத்தம் செய்யலாம். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ அதைக் கழுவுதல் தவறு. விளக்கொளியில் பிடித்துப் பார்க்கும்போது ஊசித் துளை தெரிந்தாலும் அதை எறிந்துவிட வேண்டும். வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயையும் நன்கு பார்க்க. அதில் ஒரு வெடிப்பு இருந்தால், எத்தனை நல்ல வடிகட்டி இருந்தும் பயனில்லை. தூசி நேரே உள்ளே புகும்.

டீசல்

பம்பினுள் ஓடும் சிறு உருளைக்கும் அதன் கூட்டுக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கியதில் இரண்டு மூன்று பங்கே. தலைமயிரின் கனத்தோடு ஒப்பிடினும் அது மிகச் சிறிது. இவ்வளவு நுண்ணிய இடத்தில் ஒரு துளி நீர் தங்கித் துருப்பிடித்தாலும், ஒரு மணல் புகுந்தாலும் பம்பு கெட்டது. பம்பைச் சீர் செய்யும் செலவோடு ஒப்பிட்டால் டீசல் வடிகட்டியின் விலை ஒரு பொருட்டன்று.

பீப்பாயில் டீசல் வைத்திருப்போர், அதை ஓரிரு நாள் அசையாமல் வைத்துத் தெளிந்தபின் மேலாக எடுத்து, அடியில் இரண்டு அங்குலத்தை விட்டுவிட வேண்டும். லாரியின் தொட்டியை மாலையிலேயே நிரப்புதல் நன்று. பாதி வெறுமையாய் இருக்கும் தொட்டியில் இரவுக் குளிரால் காற்றிலுள்ள ஈரம் நீராய்ப் படியும். வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, தங்கிய நீரை வாரம் ஒருமுறை வடிக்க வேண்டும்.

டீசல் முழுதும் தீர்ந்துபோனாலும், வடிகட்டியை மாற்றினாலும், குழாயில் காற்று புகுந்து, எஞ்சின் கிளம்பாது நிற்கும். இதையே ஏர் லாக் என்கிறோம். இரவில் நடுவழியில் நின்ற லாரியில், செல்ஃப் மோட்டாரை விடாமல் சுழற்றிப் பாட்டரியையும் தீர்த்துவிட்டு, விடியும்வரை மெக்கானிக்கை எதிர்பார்த்திருப்போர் பலர். இக்கோளாற்றைக் கால் மணி நேரத்தில் தாமே நீக்கலாம். முறை பின்வருமாறு:

1. தொட்டியில் டீசல் ஊற்றி, வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைச் சிறிது தளர்த்துக.

2. பம்பின் பக்கத்திலுள்ள கைப்பம்பை அழுத்தி அழுத்தி விடுக. முதலில் நுரையாய் வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும், கைப்பம்பை அழுத்திக்கொண்டே திருகை முறுக்குக.

3. பெரிய பம்பின் மேலுள்ள திருகிலும் இவ்வாறே செய்க.

4. அதன் பின்னும் கிளம்பாவிடில், நாஸிலுக்குச் செல்லும் குழாய்களின் நட்டுகளை எஞ்சின் பக்கத்தில் அரைச் சுற்றுத் தளர்த்தி, ஒருவர் செல்ஃப் மோட்டாரைச் சில விநாடி சுழற்ற, டீசல் கசியக் கண்டதும் முறுக்குக.

ஒவ்வொரு முறையும் செல்ஃப் மோட்டாரை 10 விநாடிக்கு மேற் சுழற்றாமல், இடையே ஆறவிடுதல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. நாஸிலிலிருந்து டீசல் பீச்சும் வேகம் தோலைத் துளைத்து உட்செல்லத் தக்கது. சோதிப்பதற்காக அதன் எதிரே கையைக் காட்டுதல் கூடவே கூடாது. அவ்வாறு குத்தியது எறும்புக் கடி போலத் தோன்றினும், நோவில்லாதிருப்பினும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். நேரம் தாழ்த்தியவர் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

எஞ்சின் ஆயில்

கம்பெனியார் குறித்த கிலோமீட்டரில் ஆயிலையும் அதன் வடிகட்டியையும் சேர்த்தே மாற்றுக. எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது வடித்தால் அழுக்கும் கூடவே வெளியேறும். வடித்த ஆயிலை விரல்களிடையே தேய்த்துப் பார்க்க. கறுத்திருப்பது டீசல் எஞ்சினுக்கு இயல்பே. மினுமினுக்கும் உலோகத் துகள் தென்பட்டால் பேரிங் தேய்கின்றது என்றும், மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்றும் அறிந்து, ஓட்டுவதை நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுக. டீசல் வாசனை மிகுந்து ஆயில் மட்டம் ஏறியிருப்பதும் ஆபத்தின் அறிகுறியே.

பழைய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுவது, தம் பயிருக்கும் குடிநீருக்கும் தாமே நஞ்சிடுதலாகும். அதில் உலோகங்களும் புற்றுநோய் விளைக்கும் பொருள்களும் உள்ளன. மூடியுள்ள டின்னில் சேர்த்து வைத்து, உரிமம் பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். கையில் பட்டதைச் சோப்பிட்டுக் கழுவுதல் அவசியம்.

தண்ணீர்

நம் மாவட்டங்கள் பலவற்றில் ஆழ்குழாய் நீர் உப்பும் சுண்ணாம்பும் மிக்கது. அடுப்பில் காயும் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிவதுபோலவே ரேடியேட்டரினுள்ளும் படிந்து, குழாய்களை அடைத்துவிடும். கம்பெனியார் கூறும் கூலண்டைச் சுத்தமான நீரில் அளவோடு கலந்து ஊற்றுதல் நன்று; அவசரத்திற்கு மழைநீர் நல்லது. ரேடியேட்டரின் வெளிப்புறத் தகடுகளில் வைக்கோல் தூசியும் பஞ்சும் பூச்சிகளும் அடைத்திருந்தாலும் எஞ்சின் சூடேறும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறமாகக் காற்றையோ நீரையோ மெதுவாய்ச் செலுத்தி அதைச் சுத்தம் செய்க.

சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கி எறிதல் நம்மிடையே பரவியுள்ள கெட்ட வழக்கம். அதை நீக்கினால் எஞ்சின் தனக்குரிய சூட்டை அடையாமலே ஓடி, டீசலை மிகுதியாய்க் குடித்து, விரைவில் தேயும். கெட்ட வால்வுக்குப் புது வால்வே மருந்து.

கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறப்பவர் முகம் வெந்துபோகும். கொதித்த எஞ்சினில் குளிர்நீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும். வண்டியை நிழலில் நிறுத்தி, அரை மணிக்குக் குறையாமல் பொறுத்திருந்து, துணி சுற்றிய கையால் மூடியைச் சிறிது சிறிதாய்த் திருப்புக.

புகை கூறும் செய்தி

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல லாரிக்காரர் புகையைப் பார்க்க வேண்டும். கரும்புகை, காற்றுக்கு மிஞ்சிய டீசல் எரிவதைக் காட்டும். முதலில் காற்று வடிகட்டியைப் பார்க்க. பிறகு நாஸில்களைச் சோதனைக்கு அனுப்புக. பாரம் மிகையாய் ஏற்றியிருந்தாலும் கரும்புகை வரும். வெண்புகை குளிர்காலத்து விடியலில் சிறிது நேரம் வந்து மறைந்தால் குற்றமில்லை. சூடேறிய பின்னும் நில்லாமல் வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். நீலப்புகை ஆயில் எரிவதன் குறி. ரிங்குகளோ வால்வு கைடுகளோ தேய்ந்துள்ளன. கரும்புகையின் காரணங்களிற் பாதியைச் சொந்தக்காரரே நீக்கலாம். மற்ற இரண்டும் பட்டறைக்கு உரியன.

பிரேக்கு

பிரேக் ஆயில் என்ற பெயரைக் கொண்டு, அது எஞ்சின் ஆயிலைப் போன்றதொரு எண்ணெய் என்று மயங்கலாகாது. அவசரத்திற்கென்று அத்தொட்டியில் எஞ்சின் ஆயிலையோ மற்ற எண்ணெயையோ ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர்க் கிண்ணங்கள் ஊதிப்போய்ப் பிரேக்கு முற்றும் செயலிழக்கும். உண்மையான பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் சேர்ந்தால் மலை இறக்கத்தின் சூட்டில் அது கொதித்து ஆவியாகி, பெடல் வெறுமனே அமிழ்ந்துவிடும். ஆகையால் திறந்து வைத்த டப்பாவைப் பயன்படுத்தாமல், குறித்த காலத்தில் புதிதாய் மாற்றிவிட வேண்டும்.

காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் மிகத் தொலைவிலுள்ள பின்சக்கரத்தில் தொடங்குக. சக்கரத்தின் உட்புறத் திருகில் ரப்பர்க் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைப் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்துக. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் திருகைத் திறந்து, குமிழி வந்தபின் மூட, அதன் பிறகே பெடலை விடுக. குமிழி நிற்கும்வரை இவ்வாறு செய்து, மேல்தொட்டி வற்றாமல் பார்த்துக்கொள்க. முடிந்ததும் பாரமின்றிச் சமதரையில் மெல்ல ஓட்டிச் சோதித்த பின்னரே சாலைக்கு எடுக்க வேண்டும். முதன்முறை செய்யும்போது தேர்ந்த மெக்கானிக் ஒருவர் உடனிருத்தல் நலம். பழைய பிரேக்குப் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கக் கூடுமாதலால் அதன் தூசியை ஊதுதல் கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு எஞ்சினையும் நிறுத்தி ஓட்டுவோர் உண்டு. 70 கொண்டை ஊசி வளைவுகளை உடைய கொல்லிமலைப் பாதையில் வாழையும் பலாவும் ஏற்றி இறங்கும் லாரியை நினைத்துப் பார்க்க. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் விசையும் ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும். வண்டியைப் பிடித்து நிறுத்தும் எஞ்சினின் பலமும் இல்லாமற் போகும். மிச்சமாவது சில கரண்டி டீசல், போவது உயிர். ஏறிய கியரிலேயே இறங்குக என்பதே பழுத்த டிரைவர்களின் விதி.

கிரீஸ்

கிங் பின், கமான் பட்டையின் பின்கள், நீள்தண்டின் குறுக்கு இணைப்புகள் ஆகியவற்றிற்கு, முனைகளைத் துடைத்த பின்னர், பழைய கிரீஸ் பிதுங்கி வெளிவரும்வரை புது கிரீஸ் செலுத்துக. துடையாமற் செலுத்தினால் மண்ணையும் சேர்த்தே செலுத்தியதாகும். சேற்றிலும் நீரிலும் ஓடிய வண்டிக்கு மறுநாளே கிரீஸ் இடுதல் வேண்டும். கமான் பட்டை மாற்றினால், முதற் பாரம் இறக்கியதும் யூ போல்ட்டுகளை மீண்டும் முறுக்குக. பாட்டரியின் முனைகளைக் கழற்றும்போது எர்த்து வயரை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் கொள்க. பாட்டரியினருகே பீடி சுருட்டு ஆகாது.

கை நிறுத்த வேண்டிய இடங்கள்

சொந்த வேலையில் தேர்ச்சி வரவர, எல்லாவற்றையும் தாமே செய்துவிடலாம் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. பின்வருவனவற்றில் அவ்வெண்ணத்தை அடக்குதல் வேண்டும்.

முதலாவது, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ்ப் புகுதல். சமமான கெட்டித் தரையில், மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சேஸிஸின் கீழ் ஸ்டாண்டையோ தடித்த மரக்கட்டையையோ தாங்கலாய் வைத்தபின் அன்றித் தலையைக் கீழே நீட்டலாகாது. செங்கல்லும் கருங்கல்லும் பாரத்தில் திடீரென்று பிளக்கும்.

இரண்டாவது, பூட்டு வளையம் உள்ள பழைய ரிம்முகளில் டயர் கழற்றுதலும் காற்று நிரப்புதலும். அவ்வளையம் சரிவரப் பொருந்தாவிடில், காற்றேறுகையில் குண்டுபோல் தெறித்து, எதிரே நிற்பவரைக் கொல்லும். காற்று நிரப்ப இரும்புக் கூண்டு வைத்துள்ள டயர்க்கடையிலேயே இதைச் செய்க. சக்கரத்தையே வண்டியிலிருந்து கழற்றுமுன்னும் காற்றை முற்றும் இறக்கிவிடுதல் நன்று.

மூன்றாவது, டீசல் பம்பையும் நாஸில்களையும் பிரித்தல். இதற்குச் சோதனை மேஜையும் சுத்தமான அறையும் வேண்டும். வெளியே கழற்றிக் கொடுப்பதும் வாங்கிப் பூட்டுவதும் நம் வேலை. பிரிப்பது அவர்கள் வேலை.

நான்காவது, சேஸிஸில் விரிசல் கண்டால் ஊர்ப் பட்டறையில் ஒட்டு வைத்து ஓட்டுதல். ஸ்டியரிங் பாகங்களையும் வளைத்து நிமிர்த்திப் பயன்படுத்தலாகாது, மாற்றவே வேண்டும்.

கணக்குப் புத்தகம்

ஒரு கோடிட்ட நோட்டு வாங்கி, தேதி, கிலோமீட்டர், ஊற்றிய டீசல், சேர்த்த ஆயில், செய்த வேலை, ஆன செலவு ஆகிய ஆறு கலங்கள் இட்டு எழுதி வருக. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் கணக்கு மாதந்தோறும் சிறிது சிறிதாய் இறங்கினால், வண்டி வழியில் நிற்பதற்கு வெகு நாள் முன்னரே நோயை அறிந்துகொள்ளலாம். ஆண்டு முடிவில் அந்நோட்டே மற்றொரு கேள்விக்கும் விடை தரும்: இவ்வண்டியை இன்னும் வைத்திருத்தல் லாபமா? பழுதுச் செலவும், வேலை நின்ற நாட்களின் நஷ்டமும் சேர்ந்து வாடகை லாரியின் செலவைத் தாண்டினாலும், சேஸிஸ் துருவேறி நைந்துபோனாலும், பாசத்தினால் அதை வைத்திருத்தல் தகாது. 2021ல் கொண்டுவரப்பட்ட பழைய வாகனக் கழிப்பு ஏற்பாட்டின்படி, பதிவு பெற்ற நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று பெற்று, பதிவையும் முறைப்படி நீக்கிக்கொள்ளலாம். பதிவை நீக்காமல் பழைய இரும்புக் கடையில் விற்றுவிட்டால், அவ்வெண்ணின் பேரில் பின்னர் வரும் வழக்குக்குச் சொந்தக்காரரே பதில் சொல்ல நேரும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. தகுதிச் சான்றும் இன்ஷூரன்ஸும் இல்லாத வண்டி விபத்துக்குள்ளாயின், நிலத்தை விற்று நஷ்ட ஈடு கொடுக்கும் நிலை குடும்பத்திற்கு வரலாம். அறுவடைக்கு முன் கூடும் கிராமக் கூட்டங்களில் இதை நினைவூட்டுதல் பெரும் உபகாரமாகும். நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலியாட்களை லாரியிற் சுமையின் மேல் ஏற்றிச் செல்லுதலையும், பிரேக்கு எத்தனை நன்றாயிருப்பினும், அதிகாரிகள் கண்டிப்பாய்த் தடுக்க வேண்டும். சரக்கு லாரி கவிழ்ந்தால் போவது சரக்கு. ஆட்கள் ஏறிய லாரி கவிழ்ந்தால் ஒரு தெருவே துக்கத்தில் ஆழும்.

இவ்வளவையும் ஒரே நாளில் தொடங்க வேண்டுமென்பதில்லை. இம்மாதம் காலைப் பார்வையையும் நோட்டையும் மட்டும் தொடங்குக. அடுத்த மாதம் காற்று வடிகட்டியையும் டீசல் வடிகட்டியையும் தம் கையாலேயே மாற்றிப் பார்க்க. வீட்டிலுள்ள பிள்ளைகளையும் டிரைவரையும் அருகே நிறுத்திக்கொண்டு, ஏர் லாக் நீக்கும் முறையைப் பகலில் கொட்டகையிலேயே ஒருமுறை பழகிக்கொள்க. இரவில் சாலையில் அது கைகொடுக்கும். கடையாணியைத் தொட்டுப் பார்த்த கைக்கு இவ்வேலைகள் அந்நியமல்ல. பழைய லாரியும், தன்னை நாள்தோறும் ஒருமுறை பார்க்கும் சொந்தக்காரரிடம், இன்னும் பல அறுவடைகளுக்குத் தவறாது உழைக்கும்.